கவசம் போட்டவன் கூப்பிட்டபோது

கொழும்பில் நடக்கும் வேடப் போட்டிக்காக என் மகன் விண்வெளிப் போர்வீரனின் கவசம் செய்தான். ரப்பர் மட்டையை வெட்டி ஒட்டிக் கறுப்பு பூசினான். வார்களை நான்தான் தைத்துக் கொடுத்தேன். தலைக்கவசத்துக்குள் குரலை மாற்றும் கருவியும் பூட்டினான்.

அன்று நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். முற்றத்தில், ஒலிபெருக்கியில் வருவது போல ஒரு தடித்த குரல் கேட்டது.

"வீட்டில ஆர்? வெளியில வாங்கோ!"

எவருக்கும் தலை குனியாதவள் நான். ஆனாலும் போர்க் காலத்தில் பிள்ளைகளைப் பிடித்துப் போக வந்த இராணுவத்தினர் இப்படித்தான் கூப்பிட்டார்கள்; என் கை தானாக அலுமாரியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தது. வாசலை மறித்து நின்று அதை நீட்டினேன்.

"என்ர பிள்ளை இங்க இல்லை ஐயா. நான் தனிய."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"அம்மா, நான்தானணை. பகிடிக்குக் கூப்பிட்டனான்."

முகத்தைக் கண்ட பிறகும் தெருவை எட்டிப் பார்த்தேன். அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சத்தம் போடாத. உள்ள போ, ஆரும் பாக்க முன்னம்."