செல்வமேரியின் கடைசி இரண்டு பக்கங்கள்

செல்வமேரி சூரமங்கலத்தில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தினார். 1966இல் அவருக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் ரயில்வேயில் கார்டு. மாதத்தில் பாதி நாள் வண்டியோடு போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. அப்பா ஞானதாஸ் கூடவே இருந்தார்.

ஞானதாஸ் மோகனூர்ப் பக்கத்துக்காரர். இருபது வயதில் ஞானஸ்நானம் பெற்றுச் சேலத்துக்கு வந்துவிட்டார். அவருடைய அண்ணன் ஊரிலேயே இருந்து, குடும்பம் வழிவழியாகச் செய்துவந்த அம்மன் கோயில் பூசையைத் தொடர்ந்தார். நாற்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

அந்த வருஷம் டிசம்பரில், தலைமையாசிரியராக இருந்த பாதிரியார் செல்வமேரியிடம் ஒரு ஆங்கில நாவலைக் கொடுத்தார். நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றியது. பிப்ரவரியில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டும். பிறகு பள்ளி மலரில் அச்சிடலாம் என்றார்.

"நம்ம மறை அங்க எப்படி வேர் விட்டுச்சுன்னு சொல்ற கதை, டீச்சர். பன்னண்டு பக்கம் எழுதுங்க, போதும்."

கதை எளிமையானது. ஓர் ஊரில் சுனைத் தேவதைக்கு ஒரு காடு. அதற்கு ஒரு வயதான பூசாரி. வெள்ளைக்கார அதிகாரி அந்தக் காட்டின் நடுவே ரோடு போட உத்தரவிடுகிறான். தடுப்பதற்காக ஊரே திரண்டு நிற்கிறது. கூலியாட்கள் வரும் காலையில், பூசாரி தானே கோடரியுடன் வந்து முதல் மரத்தை வெட்டிச் சாய்க்கிறார். ஊர் அவரைக் கைவிடுகிறது. ஒரு வருஷத்துக்குள் பாதிப்பேர் புதிதாக வந்த வெள்ளைக்காரப் பாதிரியின் தேவாலயத்துக்குப் போய்விடுகிறார்கள். பூசாரி ஏன் வெட்டினார் என்று நாவல் எங்கேயும் சொல்வதில்லை.

செல்வமேரி பத்துப் பக்கம் வேகமாக எழுதினார். பூசாரி தன் தெய்வத்தின் மேல் நம்பிக்கை இழந்துவிட்டார். ஞானஸ்நானம் பெறாத முதல் கிறிஸ்தவர் அவர்தான் என்று எழுதினார். முடிவுரைக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. மரத்தை வெட்டிய பிறகும் அந்த மனிதர் சாகும்வரை தினமும் சுனையிலிருந்து தண்ணீர் மொண்டு தேவதையின் கல்லுக்கு ஊற்றுகிறார். நம்பிக்கை போனவர் எதற்காகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்? இரண்டு வாரம் யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை.

பொங்கல் விடுமுறையில், "நாமக்கல் வரைக்கும் போயிட்டு வாரேம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நாமக்கல்லில் மாறி மோகனூரில் இறங்கி, பெரியப்பா மகன் காளியண்ணனின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். காளியண்ணன் அவரைவிட இரண்டு வயது இளையவர். அப்பா இறந்த பிறகு காலையில் கோயில் பூசை அவருடையது, மற்ற நேரம் கரும்புக் காட்டு வேலை. அவர் மனைவி பாவாயி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

காளியண்ணன் நேராகவே கேட்டார். "உங்க வேதத்துக்கு இழுக்க வந்தீங்களாக்கா?"

"இல்ல தம்பி. ஒரு கதை சொல்லோணும். கேட்டுட்டு ஒரு பதில் சொல்லு."

ஒரு மணி நேரம் கதை சொன்னார். முடிந்ததும் காளியண்ணன், "வெட்டறதுக்கு முந்தி அந்தப் பூசாரி உத்தரவு கேட்டானுங்களா?" என்றார்.

"என்ன உத்தரவு?"

"சாமிகிட்டத்தானுங்க. கோயில் மரத்துல ஒரு கெளை கழிக்கோணும்னாலும் நாங்க பூ கேப்போம். வெள்ளப்பூவு ஒரு பொட்டலம், செவப்பு ஒரு பொட்டலம். எடுக்கறதுல வெள்ள வந்தாத்தான் அருவாளத் தொடுவோம். கேட்டு வெட்டுனா அதுவும் பூசைதானுங்க."

"கதையில அப்படி ஒண்ணும் வரலையே."

"பூசாரிங்கறீங்க. கேக்காமயா இருந்திருப்பான்? நல்லாப் பாருங்க."

திரும்பும் பஸ்ஸில் செல்வமேரி புத்தகத்தைப் பிரித்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் அரைப் பக்கம் இருந்தது. பூசாரி மூன்று விடியல்களில் விதைகளைத் தரையில் வீசி, அவை விழுந்த விதத்தைப் பார்க்கிறார். மூன்றாம் நாள் கோடரியைத் தீட்டுகிறார். அந்த இடத்தின் ஓரத்தில் செல்வமேரி முன்பே பென்சிலால் ஒரு சொல் எழுதிவைத்திருந்தார்: 'வர்ணனை'.

அந்த வாரமே கடைசி இரண்டு பக்கங்களை எழுதி முடித்தார். பூசாரி தேவதையைக் கைவிடவில்லை. அவள் உத்தரவைத்தான் நிறைவேற்றினார். கூலியாட்களின் கைபட்டுப் போவதைவிடத் தன் பூசாரியின் கையால் போக அவள் விரும்பினாள். உத்தரவு கேட்டாயா என்று ஊர் அவரிடம் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டென்பதே அதிகாரிக்கும் பாதிரிக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையை எழுதுபவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தலைமையாசிரியர் பன்னிரண்டு பக்கங்களையும் படித்தார். "இது யார் சொன்னது, டீச்சர்?"

"நாவல்லயே இருக்குங்க ஃபாதர். நாப்பத்தொண்ணாம் பக்கம்."

அவர் புரட்டிப் பார்த்தார். "இருக்கு. ஆனா இதைக் கூட்டத்துல வாசிக்க முடியாது. முதல் பத்துப் பக்கத்தோட நிறுத்திக்கோங்க."

"முதல் பத்துப் பக்கம் தப்புங்க ஃபாதர்."

கூட்டத்தில் வேறொருவர் வேறொரு கட்டுரை வாசித்தார். ஜூனில் பள்ளி திறந்தபோது செல்வமேரிக்கு ஆறாம் வகுப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. யாரும் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பாவிடம், மோகனூர் போனது முதல் நடந்ததையெல்லாம் சொன்னார். ஞானதாஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காளியண்ணனுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கான்ப்பா. அவங்க அய்யா சாயலாம், பாவாயி சொன்னா."

"எங்கண்ணன் மொகம் எனக்கு மறந்தே போச்சு" என்றார் அவர். பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

1968 ஐப்பசியில் ஞானதாஸ் காலமானார். மோகனூருக்குத் தந்தி போயிற்று. காளியண்ணனும் பாவாயியும் வந்து, அடக்கப் பூசை முடியும்வரை மாதா கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். கல்லறையில் மற்றவர்களுக்குப் பின்னால் வரிசையில் வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். செல்வமேரியின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அன்றே ஊர் திரும்பினார்கள்.

கட்டுரை அச்சாகவில்லை. தலைமையாசிரியர் மாற்றலாகிப் போன பிறகு, பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலம் மறுபடியும் செல்வமேரிக்கு வந்தது. அடுத்த மாசியில் மோகனூரில் அம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டியபோது காளியண்ணன் வரச்சொல்லி ஒரு தபால் கார்டு எழுதினார். செல்வமேரி மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கணவரோடு போய் வந்தார்.