தகடு போட்டுப் பார்க்காத குழல்

படைப்பிரிவில் அவருக்குப் பழந்துணி என்று பெயர். கனரக இயந்திரத் துப்பாக்கிகளைப் பராமரிப்பது வேலை. எண்ணெய் ஊறிய துணி ஒன்று எப்போதும் தோளில் கிடக்கும். அவர் ஓய்வு பெற்றும் பெயர் ஓய்வு பெறவில்லை.

ஞாயிறு காலைகளில் நகவெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போவார். தங்கை கணவருக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அந்தக் கையோடு சாப்பிடப் பழகிவிடலாம், சட்டை மாட்டப் பழகிவிடலாம். நல்ல கையின் நகத்தை வெட்டிக்கொள்ள மட்டும் இன்னொருவர் வேண்டும். மனைவி வெட்டினால் சதையோடு எடுக்கிறாள் என்று மாப்பிள்ளைக்குப் புகார். அதனால் இருபத்தாறு வருடமாக இது பழந்துணியின் வேலை.

அந்த ஞாயிறும் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை நீட்டினார் மாப்பிள்ளை.

"போன வாரம் ஓரத்துல விட்டுட்டீங்க மச்சான். சட்டை நூலெல்லாம் மாட்டுது."

"நீ ஆட்டாம வெச்சா நான் ஏன் விடப்போறேன்."

"நாளைக்குப் பயிற்சிப் பள்ளிக்குப் போகணும், ஞாபகம் இருக்குல்ல? இந்த வருஷமும் நம்ம கைதான் பாடம்."

பழந்துணிக்கு நகவெட்டி கனத்தது. வருடம் தவறாமல் மாப்பிள்ளை படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் நின்று வலது கையைத் தூக்கிக் காட்டுவார். "சுடறதுக்கு முன்னாடி நான் அளந்து பார்க்கல. என் தப்பு. நீங்க பண்ணாதீங்க," என்பார். பழந்துணி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவரோடு பஸ்ஸில் திரும்புவார்.

நடந்தது இதுதான். அப்போது மாப்பிள்ளையும் அதே படைப்பிரிவில் துப்பாக்கி சுடுபவர். அன்று இரண்டு துப்பாக்கிகளைப் பிரித்து ஒரே மேசையில் போட்டுத் துடைத்தார் பழந்துணி. குழல்களுக்குள் தூரிகை விட்டுக் கரியெடுத்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயை மெல்லியதாகப் பூசினார். சுத்தத்தில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. பூட்டும்போதுதான் குழல்கள் இடம் மாறின. மாறினாலும் மோசமில்லை, குழலைத் திருகியபின் உள்ளே தோட்டா உட்காரும் இடைவெளியை எஃகுத் தகடு போட்டு அளந்தால் தெரிந்துவிடும். இடைவெளி கூடினால் தோட்டா உள்ளேயே வெடிக்கும். தகடு கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. பழந்துணி பழக்கக் கணக்கில் திருகிவிட்டுப் போனார்.

சுடும் திடலில் மாப்பிள்ளை கேட்டார்: "அளந்தாச்சா மச்சான்?"

"ஆச்சு."

மூன்றாவது தோட்டா உள்ளேயே வெடித்தது. விசாரணையில் மாப்பிள்ளை அந்தக் கேள்வியைப் பற்றி வாயே திறக்கவில்லை. மச்சான் அளந்தது சரிதான், தூக்கி வரும்போது நகர்ந்திருக்கும், மறுபடி பார்க்காதது தன் குற்றம் என்று நம்பினார். பழந்துணி நம்பவிட்டார்.

இந்த ஞாயிறு ஜன்னலோரத்தில் மூன்று நகம் வெட்டி முடிந்திருந்தது.

"மாப்ளே, அன்னைக்கு நான் தகடு போட்டுப் பார்க்கல."

"என்னைக்கு?" என்று கேட்ட மாப்பிள்ளை, பதிலுக்குக் காத்திருக்காமல் கையை இழுத்துக்கொண்டார். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை அதை மூடினாள்.

"யார் யாரோ பிள்ளைங்க முன்னாடி என் தப்பு, என் தப்புன்னு சொல்லிட்டு வர்றேன். நீ பஸ்ல பக்கத்துலயே உக்காந்து வந்திருக்கே."

மாப்பிள்ளை அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"ஆமா," என்றார் பழந்துணி.

"நாளைக்கு நீ பேசு. நான் கையைக் காட்டுறேன்."

மறுநாள் அப்படியே நடந்தது. மேசையில் துப்பாக்கி இருந்தது. பழந்துணி குழலைத் திருகினார், தகட்டை எடுத்துக் காட்டினார், அன்று எடுக்காததைச் சொன்னார், பொய் சொன்னதையும் சொன்னார். பக்கத்தில் மாப்பிள்ளை கையைத் தூக்கியபடி நின்றார். முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏன் சார் அளக்கல?"

பழந்துணி பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தார். இல்லை.

"சாப்பாட்டு மணி அடிச்சுதும்மா."

பஸ்ஸில் மாப்பிள்ளை வேறு இருக்கையில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று யோசித்து, நேரம் கழித்தே போனார் பழந்துணி. கதவைத் திறந்த தங்கை, "மிச்சத்தை நானே வெட்டிட்டேன் அண்ணே," என்றாள். உள்ளே மாப்பிள்ளையின் இடது மோதிரவிரலில் சிறிய கட்டு. செய்தித்தாளிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை.

பழந்துணி வாசலிலேயே நின்றார்.

"ரத்தம் வந்துடுச்சு," என்றார் மாப்பிள்ளை, தாளைப் பார்த்தபடியே. "அடுத்த வாரம் நேரத்துக்கு வா."