நீலக் கட்டம் போட்ட சட்டை

என் முகநூல் கணக்கைத் திருடனிடம் நானே தூக்கிக் கொடுத்தேன். கூத்தாநல்லூரில் இருக்கும் நாத்தனார் பெயரில் ஒரு செய்தி வந்தது: "அண்ணி, தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோடு நம்பர் வந்திருக்கும், அனுப்புங்க." அண்ணி என்று கூப்பிட்டால் நான் எதையும் கொடுப்பேன். அனுப்பினேன். நாத்தனாரின் கணக்கே அதற்கு முன்பு பறிபோயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்று மாலைக்குள் முகநூலில் 'நான்' உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கூலிங் கிளாஸ் விற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரத்தநாட்டில் விடுதியில் தங்கிக் கால்நடை மருத்துவம் படிக்கும் மகள் எப்படியோ கணக்கை மீட்டுவிட்டாள். ஆனால் இரண்டாவது பூட்டு போடாவிட்டால் அவன் திரும்பவும் நுழைவான் என்றாள். கடவுச்சொல் ஒரு பூட்டு. என் போனுக்கு வரும் ஆறு இலக்க எண் இன்னொன்று. மகள் மொட்டைத் தலையோடு இருக்கும் படம் முதல் வெள்ளைக் கோட்டு போட்ட படம் வரை எல்லாம் அந்தக் கணக்கில்தான் கிடக்கின்றன. எவனோ அவற்றைப் புரட்டிக்கொண்டிருப்பான் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நான்தான். என் போன்ல சார்ஜ் இல்ல, இது ரூம்மேட் போன். அவ லேப்டாப்லதான் பூட்டு போட்டுக்கிட்டிருக்கேன். உனக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

வந்திருந்தது. யாரிடமும் பகிர வேண்டாம் என்றும் கூடவே வந்திருந்தது. குரல் மகளுடையதுதான். ஆனால் குரலைக்கூட இப்போது போலியாகச் செய்கிறார்களாம்.

"நம்ம கன்னுக்குட்டி பேரு என்ன, சொல்லு."

"ம்மா, வெளயாடாத. கொஞ்ச நேரத்துல அந்த நம்பர் செல்லாமப் போயிடும்." பெயரைச் சரியாகச் சொன்னாள்.

வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்ற கணவர் சிரித்தார். "அதத்தான் நீ போட்டோ புடிச்சுப் போட்டியே. ஊருக்கே தெரியும்."

பிறந்த ஆஸ்பத்திரி, பத்தாம் வகுப்பு மதிப்பெண், அவளுக்குப் பிடிக்காத காய் என்று எதைக் கேட்க நினைத்தாலும் அதையும் நானே போட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி அந்தத் திருடன் பரீட்சையே எழுதலாம்.

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு சொல்லுடி."

குரலைத் தாழ்த்தினாள். "அப்பா பக்கத்துல இருக்காரா?"

அந்தக் கேள்வியிலேயே நான் நம்பியிருக்க வேண்டும்.

"இருந்தா என்ன, சொல்லு."

"அப்பாவோட நீலக் கட்டம் போட்ட சட்டை நாகூர் லாட்ஜுல தொலையல. பழைய துணிக்கு பிளாஸ்டிக் சாமான் குடுக்குறவர்கிட்ட அதப் போட்டு நீ பச்சை பக்கெட் வாங்குன. போதுமா?"

போதும். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். "பூட்டியாச்சு, இனிமே எவனும் வர முடியாது" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அதன் பிறகுதான் கணவரைப் பார்த்தேன்.

அவர் கொல்லைக் குழாயடியில் இருந்த பச்சை பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த லாட்ஜுக்குப் போன் போட்டு அவர் விசாரித்த விசாரிப்பெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சட்டையில தண்ணி புடிச்சு வை. குளிக்கணும்."

இன்னமும் தெரியாத எண் அழைத்தால் கேள்வி கேட்காமல் நான் பேசுவதில்லை. சட்டை விஷயத்தை இங்கே எழுதிவிட்டதால் இனி அந்தக் கேள்வியும் உதவாது. மகளிடம் போனில் சொன்னேன்.

"கவலப்படாதம்மா. அப்பாவுக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கு."

அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தேன்.