கல்யாண மண்டபத்தில் என் கணவருக்காக மட்டும் செபித்தேன்

1. சென்ற ஆவணி மாதம் என் கணவர் சகாயராஜ் கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜுக்கு வயரிங் வேலைக்குப் போனார். அவர் எலெக்ட்ரீஷியன். கூட்டிக்கொண்டு போனவர் பெயிண்டர் ஜெயந்தன் அண்ணன், இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்.

2. அந்த லாட்ஜில் சில குடும்பங்கள் படகில் வெளிநாடு போகக் காத்திருப்பதாகத் தகவல் போய், ஒரு காலையில் போலீஸ் வந்தது. தங்கியிருந்தவர்கள், வேலை செய்தவர்கள் எல்லோரையும் வேனில் ஏற்றியது.

3. என் கணவர் இந்தியக் குடிமகன். அதைச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

4. நான் போய்ச் சொன்னேன். என்னையும் நம்பவில்லை. செபித்தேன்.

5. மறுநாள் அவரை விட்டுவிட்டார்கள்.

6. ஜெயந்தன் அண்ணனை விடவில்லை.

நான் செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். ஒரு முடிவு தவறாகப் போனால் எங்களை இப்படித்தான் வரிசை போட்டு எழுதச் சொல்வார்கள். எந்த இடத்தில் தவறியது என்று அப்போதுதான் தெரியும். நம் செபக்கூட்டத்தில் எழுந்து நின்று என் அனுபவத்தைச் சொன்னபோது ஐந்து வரைக்கும் சொன்னேன். நீங்கள் கைதட்டி ஆண்டவரைத் துதித்தீர்கள். ஆறாவதைச் சொல்லவில்லை. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நான் செய்ததையும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெயந்தன் அண்ணனை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் ஜெனிக்கு ஞானத்தகப்பன் அவர்தான். ஃபாதர் தண்ணீர் ஊற்றும்போது குழந்தையின் தலையை ஏந்திப் பிடித்திருந்தது அவர் கை. அவருடைய பெற்றோர் சண்டைக் காலத்தில் மன்னார் பக்கத்திலிருந்து படகில் வந்தவர்கள். அவர்கள் இங்கே முகாமுக்கு வந்தபின் பிறந்தவர் அவர். என் மாமனார், மாமியார் கண்டி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தியக் குடிமக்களாகத் திரும்பி வந்தவர்கள். என் கணவரும் இங்கேதான் பிறந்தார். இருவரும் பிறந்தது ஒரே அரசு ஆஸ்பத்திரி. ஒருவர் குடிமகன், ஒருவர் அகதி.

வேலை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஜெயந்தன் அண்ணன் வாய் ஓயாது. என் கணவரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "லைட்டு" என்றுதான். என் பட்டியல் போடும் பழக்கத்தையும் விடமாட்டார். "தங்கச்சி, சாம்பாருக்கும் ரிப்போர்ட் அடிச்சுத்தான் குடுப்பீங்களோ?" என்பார்.

அந்த மனிதரைத்தான் நான் யாரோ என்றேன்.

போன் வந்தபோது லேபில் இருந்தேன். தெரியாத நம்பர். என் கணவர் குரல். "ரீட்டா, பயப்படாத. எங்களப் புடிச்சு வச்சிருக்காங்க. என் ஆதாரு, நைனாவோட பழைய பாஸ்போர்ட்டு, எல்லாம் எடுத்துட்டு வா." மேலே கேட்பதற்குள் யாரோ போனை வாங்கிவிட்டார்கள்.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அன்று அமாவாசை. மேல்மலையனூர் போகும் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. திண்டிவனம் பஸ் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ நின்றது. முட்டி மோதி ஏறினேன். பேப்பர் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது, காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். காகிதம் சரியாக இருந்தால் போதும் என்று நம்பும் புத்தி எனக்கு.

அவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மேடையில் முந்தைய முகூர்த்தத்து மணமக்களின் பெயர் தெர்மாகோலில் அப்படியே இருந்தது. அதன் கீழே பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து மேசையில் ஓர் அதிகாரி. கைதா என்று கேட்டேன். இல்லை, விசாரணை என்றார்கள். விசாரணை என்பதால் எதையும் எழுதித் தரவில்லை. வக்கீலைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, முதலில் பேப்பரைக் காட்டு என்றார்கள்.

பையிலிருந்ததை எல்லாம் மேசையில் பரப்பினேன். அவர் ஆதாரை விரலால் தள்ளினார்.

"இத நெறைய பேரு வச்சிருக்கானுங்கமா. காசு குடுத்தா கெடைக்குது."

"இது என் மாமனார் பாஸ்போர்ட் சார். இந்தியக் குடிமகனா திரும்பி வந்தவரு."

"சிலோன்லருந்துதானே வந்தாரு?"

"ஆமா சார். ஆனா..."

"அதத்தான் நானும் சொல்றேன்."

என் கணவரை எதிரில் நிற்க வைத்துப் பேசச் சொன்னார். சட்டைக் காலரில் இன்னும் சுவர்த் தூசி இருந்தது. மாதக்கணக்காக முகாம் பெயிண்டர்களோடு இருந்த பழக்கத்தில், பயத்தில், கேட்ட முதல் கேள்விக்கே ஆமாம் என்பதற்கு இலங்கைப் பேச்சில் "ஓம் சார்" என்றுவிட்டார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஓம்ங்கிறான், செஞ்சிக்காரனாம்! ஏம்மா, உன் பேச்சு செஞ்சிதான், ஒத்துக்கறேன். உன்னக் கட்டிக்கிட்டு பேப்பர் வாங்கியிருக்கான்."

ஒரு மனிதன் தான் பிறந்த நாட்டில், தான் யார் என்று நிரூபிக்க முடியாமல் நின்றதை அன்று பார்த்தேன். என் கணவர் அழவில்லை. தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் வரிசையாகக் குழாய்கள் இருந்தன. அங்கே போய் நின்று செபமாலையைக் கையில் எடுத்தேன். மனப்பாடமாகத் தெரிந்த மந்திரங்கள் ஒன்றுகூட வரவில்லை. என் சொந்த வார்த்தையில் செபித்தேன். நான் சொன்னது இதுதான்: "ஆண்டவரே, அவர் இவர்களில் ஒருவர் இல்லை. அவர் இந்த நாட்டுக்காரர். இவர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டும்." மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை பால் கேட்டு அழுதுகொண்டிருந்தது. அதற்காக ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு பக்கத்து மாதா கோயிலில் எனக்குத் தங்க இடம் கொடுத்தார்கள். மறுநாள் காலை அதே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து என் கணவரைப் பற்றி நல்லபடியாகத் தகவல் வந்திருக்கிறது என்றார். ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி என்றார்.

"அந்தப் பெயிண்டர் ஜெயந்தன். அவன்தான் ஆளுங்களக் கூட்டியாந்த ஏஜெண்டுன்னு சந்தேகம். ரூம்ல இருந்த ஒரு குடும்பம் அவன் கேம்ப்பு. அவங்களோட நின்னு டீ குடிச்சிருக்கான். உங்களுக்கு அவன் என்ன வேணும்?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "யோசிச்சுச் சொல்லும்மா. வேண்டியவன்னா உன் வீட்டுக்காரனும் அதே கேஸ்லதான் வருவான்."

என் போன் மேசைமேல் இருந்தது. அதன் திரையில் ஜெனியின் ஞானஸ்நானப் படம், ஜெயந்தன் அண்ணன் குழந்தையோடு சிரிக்கிற படம். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"வேலைக்குக் கூப்பிட்டவரு சார், அவ்வளோதான். எங்களுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

என் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிகாரி தலையசைத்தார். "அவனும் அதேதான் சொன்னான். கூலிக்குக் கூப்ட்ட லைட்டுக்காரன், இந்தியாக்காரன், எங்காளு கெடையாது, விட்டுடுங்கன்னு நேத்துலருந்து அதையே சொல்றான். ரெண்டும் ஒத்துப் போகுது. கூட்டிட்டுப் போ."

எங்கள் வேலையில் இரண்டு பரிசோதனை ஒத்துப்போனால் முடிவை உறுதி செய்து அனுப்பிவிடுவோம். அந்த மேசையில் ஒத்துப்போன இரண்டும் பொய். ஜெயந்தன் அண்ணன் என் கணவரைக் காப்பாற்றுவதற்காக அதைச் சொன்னார். நான் என் கணவரை மட்டும் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன். ஜெயந்தன் அண்ணன் பெயிண்ட் அடிக்கத்தான் அங்கே போனார், முகாமில் அனுமதி வாங்கிப் போனார், அந்தக் குடும்பத்தோடு ஊர்ப்பாசத்தில் நின்று பேசினார் என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் நாங்கள் இருவர்தான். அந்த இருவரும் அவருக்கு யாரோ என்று ஆகிவிட்டது.

வெளியே வரும்போது மேடையோரம் அவர் உட்கார்ந்திருந்தார். என் கணவர் நின்றுவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஜெயந்தன் அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. சுவர் மின்விசிறியைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்: "ஏ லைட்டுக்காரரே, நிண்டுகொண்டு என்ன பாக்கிறீர்? வேலை பாதியில கிடக்குது, லாட்ஜ்காரன் கத்தப்போறான். போங்கோ, போங்கோ!"

பஸ்ஸில் என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஜெயந்தன பத்தி இன்னா கேட்டாங்க?" சொன்னேன்.

செபக்கூட்டத்தில் நான் பேசிய அன்று, ஜெயந்தன் அண்ணனின் மனைவி விமலா அண்ணி முகாமிலிருந்து பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார். முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சகாயராஜ் அண்ணன் வந்திட்டாரே, அதுவே எங்களுக்கும் பெரிய ஆறுதல். இவரைச் சிறப்பு முகாமுக்கு மாத்திப் பூட்டி வச்சிருக்கிறாங்கள். எத்தினை நாளுக்கெண்டு கேட்டால் ஒருத்தரும் சொல்லினம் இல்லை. நீங்கள் அந்த அதிகாரியளோட ஒருக்கா கதைக்க மாட்டியளே ரீட்டா? எங்களைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் அனுப்பிய பதில் ஜெயந்தன் அண்ணனின் வாய்வழியாக வந்தது. எனக்காகப் பதிலைச் சுமந்து வந்தவரை அங்கேயே விட்டுவிட்டு, பதிலை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

"இன்னாங்க, போய் உண்மையச் சொல்லலாமா?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"நீ கேப்பேன்னுதான் காத்துட்டிருந்தேன்" என்றார். "கேக்கலன்னா நானே போயிருப்பேன்."

செஞ்சியில் ஒரு வக்கீலிடம் போனோம். சொன்னதை மாற்றினால் வழக்கு எங்கள் மேலேயே திரும்பலாம், என் கணவரை மறுபடியும் கூப்பிடலாம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். இருவரும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். பிறகு அதே அதிகாரி முன்னால் போய் நின்றோம். போகும் வழியெல்லாம் செபித்தேன். இந்த முறை யாரையும் பிரித்துக் காட்டும்படி கேட்கவில்லை. வாய் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அன்னிக்கு ஒரு சம்பந்தமும் இல்லன்ன. இன்னிக்கு உன் புள்ளைக்கு ஞானத்தகப்பன்ங்கற. எது பொய்?"

"அன்னிக்குச் சொன்னது சார்."

"பொய் சொன்னதுக்கு உன்மேலயே கேஸ் போடலாம், தெரியுமா?"

"தெரியும் சார். வக்கீல் சொன்னாரு."

"சொல்லியுமா வந்த?"

"ஆமா சார்."

அவர் பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டார். எங்களைப் போகச் சொன்னார். அந்த நிமிடத்தில் பயம் இல்லாமல் நின்றேனே, அது என்னுடைய தைரியம் இல்லை. அதையும் ஆண்டவர் தந்தார் என்று சாட்சி சொல்கிறேன்.

சிறப்பு முகாமில் ஜெயந்தன் அண்ணனைப் பார்க்க விமலா அண்ணியோடு போனேன். மன்னிப்புக் கேட்க நிறைய வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கோபமாக இருந்தார், நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதே தங்கச்சி? நான் பாடுபட்டு வெளியில அனுப்பினா, நீங்கள் திரும்பப் போய் மாத்திச் சொல்லியிருக்கிறியள். லைட்டையும் பிடிச்சு உள்ள போட்டால் ஜெனிய ஆர் பாக்கிறது?"

"அன்னிக்கு நான் சொன்னது தப்புண்ணா."

"தப்போ சரியோ, நானும் அதைத்தானே சொன்னனான்."

அவர் அப்படிச் சொன்னதால் என் குற்றம் குறையவில்லை. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம். ஏன் சொன்னோம் என்பது ஆண்டவருக்குத் தெரியும். பூசையில் நன்றி சொல்லும் நேரம் வந்தால் இப்போதும் என் குரல் பாதியில் நின்றுவிடுகிறது. ஆனாலும் நன்றி சொல்கிறேன். என் கணவர் என் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறார். அதற்கு எப்படி நன்றி சொல்லாமல் இருப்பது?

உங்கள் வீட்டிலும் ஒருவரை இப்படி நியாயமில்லாமல் பிடித்து வைத்திருக்கலாம், இனி வைக்கவும் கூடும். நம்பிக் கேளுங்கள். ஆண்டவர் கேட்கிறார், நான் கண்டேன். கேட்கும்போது அந்த அறையில் இன்னும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். அவ்வளவு பேருக்காகக் கேட்டால் நம் ஆளுக்கு விடுதலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கும். எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது.

இன்றைய நிலை இது. என் கணவர் வீட்டில் இருக்கிறார், ஆனால் கூப்பிடும்போதெல்லாம் விசாரணைக்குப் போய் வருகிறார். லாட்ஜில் பிடிபட்ட குடும்பங்களில் சிலரைத் திரும்ப அவரவர் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். என்மேல் இதுவரை வழக்கு இல்லை. எங்கள் வாக்குமூலத்தைச் சேர்த்து, ஜெயந்தன் அண்ணனை விடுவிக்கக் கேட்டு விமலா அண்ணி பெயரில் மனு போட்டிருக்கிறோம். இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். ஜெயந்தன் அண்ணன் இன்னும் உள்ளே இருக்கிறார்.