மாடி வீட்டுத் தண்ணீர்

யுத்தத்தில் நூலுக்கு ரேஷன் வைத்த வருஷம். சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் எங்கள் தறிக்கு மேலே, மாடியில் இருந்த நூல் வியாபாரி குளிர்ச்சிக்கு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பார். எலி வருகிறதென்று வடிகுழாயைத் துணியால் அடைத்துவிட்டார். தண்ணீர் இறங்கி தறியில் ஏற்றியிருந்த எங்கள் பாவு நூல் அழுகியது. வேறு நூல் கிடைக்கவில்லை, அடுப்பும் எரியவில்லை.

"அந்தத் துணிய எடுத்துருங்க சாமி" என்றார் அப்பா.

"உன்ற ஊடும் சில்லுன்னு ஆச்சில்ல? போய்த் தூங்கு."

இன்று காலை அதே மாடியின் ஏசித் தண்ணீர் என் சுவரில் இறங்கியது. குழாய் அடைத்திருக்கிறது, பாருங்கள் என்று சொல்லப் போனேன்.

"உங்க செவுரு பழசுங்க, ஊறத்தான் செய்யும்." மாடி வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டாள்.

அன்று நடந்ததற்குச் சாட்சி யாரென்று கேட்பீர்கள். என்னைத் தவிர உயிரோடிருப்பது ஒருத்திதான்: இன்று கதவைச் சாத்தியவள், அந்த வியாபாரியின் மகள் சரசு.