சொரசொரப்பான கார்டு

விளையாட்டுக் கூடத்தில், பந்தை அடித்து எண் சேர்க்கும் பின்பால் மெஷின்களைப் பழுதுபார்ப்பவருக்கு உப்புத்தாள் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பந்து பட்டும் எண் ஏறாத ஒரு மெஷினைத் திறந்து, சுவிட்சின் இரண்டு தகடுகளும் தொட்டுக்கொள்ளும் புள்ளிகளை உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்துவிட்டார். அழுக்கு போனது. கூடவே அந்தப் புள்ளிகளின் மேலிருந்த தங்க முலாமும் போனது. முதலாளி வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு மனிதர் விசிட்டிங் கார்டுக்கு மாறிவிட்டார். தகடுகளுக்கு நடுவே கார்டைச் செருகி, மெல்ல அழுத்தி உருவினால் அழுக்கு கறுப்புக் கோடாக வந்துவிடும். ஆனால் கார்டு சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழப்பானது எதையும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். ஆகவே யார் கார்டு நீட்டினாலும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கொடுத்தவர் டாக்டரா வக்கீலா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்தப் பழக்கம் மகளின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

மகள் விரும்பிய பையனின் அப்பா டைல்ஸ் கடை வைத்திருந்தார். பெண்ணின் அப்பாவோடு நாலு வார்த்தை பேசலாமென்று கூடத்துக்கே வந்தார். உப்புத்தாள் ஒரு மெஷினின் பலகையைத் தூக்கி நிறுத்தி, அதற்குள் தலையை விட்டிருந்தார்.

"நான் பையனோட அப்பாங்க," என்று வந்தவர் கார்டை நீட்டினார். கனமான கார்டு, தங்க நிற எழுத்து, அவர் கடை டைல்ஸ் போலவே பளபளப்பு.

"வாங்க, வாங்க," என்ற உப்புத்தாளின் கட்டைவிரல் அதைத் தடவியது. முகம் தொங்கியது. கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "இதைவிட மட்டமான கார்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

வந்தவர் முகம் சிவக்க, கார்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியேறினார். ஏதோ அவசர வேலை போலும் என்று நினைத்து உப்புத்தாள் மறுபடி தலையை உள்ளே விட்டார்.

வீட்டுக்குப் போனால் மகளின் கண்கள் வீங்கியிருந்தன. "அவரை மதிக்காம கார்டைத் திருப்பிக் குடுத்தீங்களாமே. இந்தச் சம்பந்தமே வேண்டாங்கிறார்."

"அவரை ஒண்ணும் சொல்லலையேம்மா. கார்டுதான் சரியில்ல."

மகள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே பெண். அவள் வாழ்க்கையிலும் தங்க முலாமைச் சுரண்டிவிட்டோமே என்று உப்புத்தாள் நொந்துபோனார்.

மறுநாள் அழுக்கேறிய ஒரு சுவிட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனார். டைல்ஸ்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உப்புத்தாள் சுவிட்சை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார். நம்பாத முகத்தோடு அவர் தன் கார்டையே செருகி இழுத்தார். வெள்ளை வெளேரென்று வந்தது. மேஜையில் கிடந்த லாரிக்காரர் கார்டைச் செருகினார். கறுப்புக் கோடு.

"அப்போ என் பேரை நீங்க படிக்கவே இல்லையா?"

"இல்லீங்க. இதுவரைக்கும் யார் பேரையும் படிச்சதில்ல."

டைல்ஸ்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "சரி, இப்பவாவது படிங்க சம்பந்தி," என்று தன் கார்டை நீட்டினார்.

உப்புத்தாள் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் வாய்விட்டுப் படித்தார். சம்பந்தி என்ற சொல்லில் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, "எல்லாம் உங்க இஷ்டப்படியே செய்யலாம் சம்பந்தி," என்றார். "கல்யாணப் பத்திரிகை மட்டும் வழவழன்னு அடிச்சிடாதீங்க."