டாக்டரிடம் சொன்ன ‘இல்லை’

டெக்சஸில் ஐடி வேலையில் நாலு காசு பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும்: நிலம் வாங்குவது. என் கணவரின் காலேஜ் நண்பர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், ஊருக்கு வெளியே இரண்டு மணி நேரம் தள்ளி வாங்கிப் போட்டார். பக்கத்து நிலத்தை நாங்கள் வாங்க வேண்டும் என்று இரண்டு பேரும் என்னை அரித்தார்கள். எனக்கு மனசே இல்லை.

“அங்க என் வீட்டுல ஒரு வாரம் வந்து ஸ்டே பண்ணிப் பாரும்மா” என்றார் அண்ணா. பள்ளி விடுமுறையில் போனோம். என் ஆறு வயது மகள் நாள் பூராவும் புல்லில் உருண்டாள்.

இரண்டாம் நாள் கணவரின் தொடையில் ஓர் உண்ணி. புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கி எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று போனில் படம் பிடித்தேன். நாலு நாளில் காய்ச்சல். கடித்த இடம் புண்ணாகி நடுவில் கறுத்தது, இடுப்பு மடிப்பில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியது. சென்னையிலிருந்து சூட்கேஸில் வந்த அமாக்ஸிசிலினைக் கொடுத்தேன். அது என் முட்டாள்தனம்.

அண்ணாதான் அவரை அந்தச் சின்ன ஊர் கிளினிக்குக் கூட்டிப்போனார். “வெறும் கட்டியாம்” என்று வேறொரு மாத்திரையோடு திரும்பினார்கள். மூன்று நாள் கழித்தும் காய்ச்சல் நூற்று மூன்றில் நின்றது. அவரை நானே காரில் ஏற்றிக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டரம்மா என் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. உண்ணி கடித்ததா, முயலைத் தொட்டீர்களா, அங்கே வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று அன்றைக்கே கேட்டாராம். இவரும் அண்ணாவும் மூன்றுக்கும் இல்லை என்றார்களாம். இது டுலரீமியாவாக இருக்கலாம், முயல் காய்ச்சல் என்பார்கள், நீங்கள் கொடுத்த மாத்திரையும் நான் கொடுத்ததும் இதற்குக் கேட்காது என்றார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஜென்டாமைசின் ஊசி தொடங்கியது.

நோயின் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்ஃபெக்‌ஷன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் அண்ணா ஃபிளாஸ்க்கில் ரசத்தோடு வந்தார். “கவலைப்படாதம்மா. முயல் காய்ச்சல்தானே? பத்து நாள் ஊசி போட்டா சரியாயிடும். எனக்கும் மார்ச்ல அப்படித்தான்…” பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

“உங்களுக்கு வந்துச்சா? அந்த நிலத்துலயா? அடப்பாவி! அண்ணான்னு கூப்பிட்டேனே!”

அவர் என் கணவரைப் பார்த்தார். நானும் திரும்பினேன். என் கணவர் அதிர்ச்சியடையவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் தெரியுமா?”

“சொன்னா நீ நிலத்துக்கு ஓகே சொல்லியிருக்க மாட்ட.”

பத்து வருஷம் குடும்பம் நடத்தியவர். என் தலையில் மிளகாய் அரைக்கத் தன் உயிரையே பணயம் வைத்திருக்கிறார். அதைக்கூட ஒருநாள் மன்னித்துத் தொலைக்கலாம். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“ஒரு வாரமா நம்ம பொண்ணு அந்தப் புல்லுலதான் உருண்டா. நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?”